கூரைமேல் பிளாஸ்டிக் புலி

நவம்பர் 18

காலையிலிருந்து கரண்ட் இல்லை. தாமுவேயில் லிஃப்ட் இல்லாத வீட்டில் ஐந்தாவது மாடி என்பது பழகிப்போன பாவம். தண்ணீர் கேன் வாங்க மறந்துவிட்டு மேலே ஏறி வந்தது இன்றைய புதுப் பாவம். திரும்ப இறங்கும்போது பாதிப் படியில் கோ தூரா போன் செய்தார்.

"மா பாமா! அடுத்த ஷோ கிடைச்சாச்சு. கார்!"

"பரிசா?"

"இல்லை, கார்தான் ஷோவே. வேகமாப் போகும்."

எங்கே போகும்? கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

தூரா எங்கள் டைரக்டர். (பர்மாவில் ஆண் பெயருக்கு முன்னால் 'கோ', பெண்ணுக்கு 'மா', மூத்த பெண்ணுக்கு 'டோ'.) முதலில் சமையல் போட்டி, பிறகு பாட்டுப் போட்டி, இப்போது கார். எதுவானாலும் என் வேலை ஒன்றுதான்: போட்டியாளரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து, அவர் அழும்வரை கேள்வி கேட்பது. திரையில் 'கதைத் தயாரிப்பாளர் – சத்யபாமா' என்று ஓடும். யூனிட்டில் என் பெயர் வெங்காயச் சயாமா, அதாவது வெங்காய டீச்சர். பர்மாக்காரர்களுக்கு என் சொந்தப் பெயரே ஒரு சிரிப்பு. 'பமா' என்றால் அவர்கள் இனம். "நீ எங்கே பமா?" என்பார்கள். அப்பா பெயர் வைத்தபோது இதை யோசித்திருக்கலாம்.

அம்மாவிடம் புது ஷோவைச் சொன்னேன்.

"ஊரே பெட்ரோலுக்கு வரிசைல நிக்குது. இவங்களுக்கு யாரு ஊத்துவா?" என்றாள்.

நல்ல கேள்வி. என் வேலையை அவள் பார்க்கலாம்.

நவம்பர் 21

ஷோவின் பெயர் 'அம்யான்சோன்'. அதிவேகம் என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் தூரா பலகையில் ஒரே ஒரு கோடு போட்டார்.

"வட்டமாச் சுத்துற ரேஸ் இல்லை. நேர் ரோடு. ஒவ்வொரு வண்டியா வரும். முடிஞ்ச மட்டும் மிதிக்கணும். கடைசியில ரெண்டு கம்பம். அந்தக் கம்பத்துக்கு நடுவுல எந்த வேகத்துல போறாங்களோ அதுதான் கணக்கு. தொழில்முறை ஆட்கள் கிடையாது. வீட்டு வாசல்ல வண்டியைப் பிரிச்சு மாட்டுற சாதாரண ஜனங்க."

பணம் போடுவது 'தங்கப்புலி' என்ற சக்தி பானக் கம்பெனி. முதலாளியின் தங்கை மகன் கோ மின் கானும் போட்டியாளர், வெளிநாட்டுச் சிவப்புக் காரில். சாதாரண ஜனம்தான். அவரைப் போட்டிக்குக் கூட்டிவருவதற்கே தனியாக ஒரு டிரைவர் இருக்கிறார்.

"யாரு ஜெயிக்கணும்னு முடிவாயிருச்சா?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் பதில்.

நவம்பர் 26

ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். ஊருக்கு வெளியே யாரோ ஒரு புதுநகரம் கட்டக் கிளம்பி, ரோடு மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆறு வழிச் சாலை. நடுவில் செடி வைக்கத் தொட்டி. ஒரு நகரத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது, நகரத்தைத் தவிர. ரோட்டின் முடிவில் நேரே ஒரு வயல்.

நடு ரோட்டில் மாடுகள் படுத்திருந்தன. ஆரன் அடித்தோம். எங்களைப் பார்த்த பார்வையில் பட்டா அவற்றின் பெயரில்தான் இருக்கும் என்று தோன்றியது.

நவம்பர் 30

கிடைத்துவிட்டார்!

கரீமா அக்கா. ஐம்பத்திரண்டு வயது. பசுந்தாங்கில் பழைய கார் உதிரிபாகக் கடை. கணவர் இறந்து பதினோரு வருடம். தலையில் முக்காடு, முக்காட்டின்மேல் ஹெல்மெட், ஹெல்மெட்டுக்குள் ஒரு வாய். அந்த வாய்க்காகவே எடுக்கலாம்.

வண்டி ஒரு வெள்ளை ப்ரோபாக்ஸ். இந்த ஊரில் பாதி டாக்சி அதுதான். முட்டைக்கோஸ் மூட்டையும் கல்யாணப் பெண்ணும் அதில்தான் போகிறார்கள், சில நாள் ஒன்றாகவே. இவருடையதில் வேறு ஏதோ பெரிய காரின் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. அது எப்படி உள்ளே போனது என்று கேட்டேன்.

"பிரசவம் மாதிரிதான் புள்ள. தலைகீழா."

"எவ்வளவு வேகம் போகும்?"

"மீட்டர் இருநூறு காட்டுது. மீட்டர் என் மச்சினன் மாதிரி, வாயத் தொறந்தா பொய்யி. நீங்க ரோட்டோரத்துல கருவி வைப்பீங்களாமே? அந்த நம்பர்தான் எனக்கு வேணும்."

"எதுக்கு அக்கா?"

"தெரிஞ்சுக்கத்தான். உனக்கு உன் எடை தெரிய வேணாமா?"

வேண்டாம்.

டிசம்பர் 7

இன்று கரீமா அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தேன். கேமரா ஓடும்போது பர்மியில்தான் பேசுவார். என்னிடம் தனியாக என்றால் தமிழ். தூரா காதில் சொல்லி அனுப்பினார்: விதவை, கணவரின் நினைவு, அவருக்காக ஓடும் வண்டி. அழுகை கட்டாயம்.

"உங்க கணவரைப் பத்திச் சொல்லுங்க," என்று என் வெங்காயக் குரலில் ஆரம்பித்தேன்.

"நல்ல மனுஷன். மெதுவா ஓட்டுவாரு. பக்கத்து ஊரு பெகோவுக்குப் போயிட்டுத் திரும்புறதுக்குள்ள பிள்ளைக்குப் பல்லு முளைச்சிரும்."

"அவர் இல்லாதது…"

"அவர் இல்லாம கடை நல்லா ஓடுது. உசுரோட இருந்தா அவரே சொல்லுவாரு."

கேமராமேன் தோள் குலுங்கியதில் படமும் குலுங்கியது. நான் விடவில்லை. தனிமை? தூங்கினால் குறட்டைச் சத்தம் இல்லாமல் நிம்மதி. கஷ்டம்? "ஒவ்வொரு நாளும் கரண்ட் போறது கஷ்டம்." பயம்? போன வாரம் சீட்டுக்கு அடியில் பாம்பு இருந்ததாம். "பயந்துட்டேன், உண்மையச் சொல்றேன். அதுவும் பயந்திருச்சு."

கடைசியில் கேள்வி கேட்பது யார் என்றே தெரியாமல் போய்விட்டது. "நீ ஏன் கல்யாணம் பண்ணல?" என்றார். என்னென்னவோ உளறினேன். அது முழுக்கப் பதிவாகியிருக்கிறது. யூனிட் மதியச் சாப்பாட்டுக்கு அதைப் போட்டுப் பார்த்தது.

டிசம்பர் 15

மின் கானையும் பேட்டி எடுத்தேன். இருபத்து நான்கு வயது. கை சில்லிட்டிருந்தது. "வேகம் என் ரத்தத்தில் இருக்கிறது" என்று மாமாவின் ஆபீசில் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தார். மைக்கைக் கழற்றும்போது, "அந்த டோ கரீமா வண்டியில பிரேக் நல்லா இருக்கா? யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார்.

அவரை வில்லனாகக் காட்டத் திட்டம். முகம் ஒத்துழைக்க மறுக்கிறது.

ஜனவரி 4

எடிட்டிங். செய்துவிட்டேன்.

"அவர் இல்லாம…" (கடைப் பேச்சிலிருந்து) "ஒவ்வொரு நாளும்… கஷ்டம்…" (கரண்ட்டிலிருந்து). நடுவில் ஒரு பெருமூச்சு. அது டயரைத் தூக்கிப் போட்டபோது விட்டது. பின்னால் புல்லாங்குழல்.

தூரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை ஒட்டவைத்தபோது பக்கத்தில் இருந்த மனிதர்!

ஜனவரி 12

நேற்று முதல் பகுதி ஒளிபரப்பு. இன்று காலை கரீமா அக்கா பசுந்தாங் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். வாசலில் பழக்கூடைகள். உள்ளே யாரோ இரண்டு பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். கரீமா அக்கா நடுவில், அழாமல், என்னையே பார்த்தபடி.

அவர்கள் போனதும் ஆரம்பித்தார்.

"என் மாப்பிள்ள மவுத்தாகிப் பதினோரு வருஷம். இப்ப ஊரே வந்து துக்கம் கேக்குது. மச்சினன் வந்து காலைப் பிடிச்சுக்கிட்டு அழுவுறான். மூணு பேரு என்னைக் கட்டிக்கிறேன்னு ஆள் அனுப்பியிருக்காங்க. ஒருத்தனுக்குப் பல்லே இல்ல!"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவருக்கு வரவில்லை.

"வெளையாட்டு வேற பாமா. அவரு நல்ல மனுஷன்னு நான் சொன்னேன்ல? அதை ஏன் போடல? அது உண்மை. நான் அழுதது பொய். இனிமே என் வாயில என் வார்த்தைய மட்டும் வை."

சரி என்றேன். பழக்கூடை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

படியேறும்போது ஆரஞ்சு ஒன்று உருண்டு கீழ்வரை போனது. எடுக்கப் போகவில்லை.

ஜனவரி 15

பொங்கல். அம்மா கரி அடுப்பில் வைத்தாள். அவளுக்கு மின் கானை மிகவும் பிடித்திருக்கிறதாம். "பாவம், அந்தப் பையன் சாப்பிடுறதே இல்ல போல." வில்லன் வேலை எங்கள் வீட்டிலேயே எடுபடவில்லை.

ஜனவரி 22

புலி வந்தது.

ஒரு ஆள் நீளம். பிளாஸ்டிக். வாய் பிளந்து, முன்னங்காலில் பானக் குப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இறுதிப் போட்டியில் ஒவ்வொரு வண்டியின் கூரையிலும் இதை நிறுத்த வேண்டும் என்று முதலாளி உத்தரவு. காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய வண்டியில் காற்றைத் தடுக்க ஒரு சிலை! கப்பலுக்கு ஓட்டை போட்டுப் பெயர் எழுதுகிற மாதிரி.

மின் கானின் கார்க்கூரை வளைவாக இருப்பதால் அவருக்கு மட்டும் ஸ்டிக்கர். வளைவு. ஆமாம்.

பொருத்த வந்த ஆள் புலியின் கம்பிச் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். "சயாமா, இது தெருவுல விளம்பரத்துக்கு ஊர்ந்து போற வண்டிக்குச் செஞ்சது. இவங்க போற வேகத்துக்கு நிக்காது." கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

தூராவிடம் சொன்னேன். "யாபாதே, யாபாதே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். இந்த ஊரில் எத்தனை கட்டடம் அந்த ஒரு வார்த்தையில் நிற்கிறது.

ஜனவரி 29

வெள்ளோட்டம். புலி ஏறியதும் ப்ரோபாக்ஸ் மீட்டரில் முப்பதுக்குமேல் குறைந்தது. கரீமா அக்கா இறங்கி வந்து புலியின் தாடையில் ஒன்று வைத்தார்.

"இதோட ஓட்ட மாட்டேன். வேணும்னா இதையே உக்காந்து ஓட்டச் சொல்லு."

ஓட்டாவிட்டால் நீக்கம் என்று தூரா. என்னைப் பார்த்தார். அதாவது, போய்ப் பேசு.

பேசினேன். எங்கே தொட்டால் ஒருவர் அசைவார் என்று கண்டுபிடிப்பதுதான் என் சம்பளம். "அக்கா, இதுவரைக்கும் போன் ஆப்புலதான் அளந்தோம். நிஜக் கருவி இறுதி நாளுக்கு மட்டும்தான் வருது. நிஜ நம்பர் வேணும்னா அந்த ஒரு நாள்தான்."

சட்டம் நிற்குமா என்று கேட்டார்.

"பார்த்துட்டாங்க அக்கா" என்றேன்.

பார்த்தார்கள்தான். பொய் இல்லை. பார்த்தார்கள்.

பிப்ரவரி 8

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மாடுகளைக் காலையிலேயே ஓட்டிவிட்டார்கள். நல்ல வெயில். ஒரு போட்டியாளரின் இன்ஜின் கொதித்து நின்றுபோனது. இன்னொருவர் நூற்று நாற்பது. மின் கான் நூற்று எழுபத்து இரண்டு. இறங்கியதும் காருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். மாமா கைதட்டினார். மிச்சம் கரீமா அக்கா.

நான் கம்பத்தருகே சிவராஜ் அண்ணனோடு நின்றேன். கருவி அவருடையது. நில அளவைக் கம்பெனிக்காரர், மிங்கலா தாங்ஞுன்ட்டில் வீடு. தூரத்தில் வெள்ளைப் புள்ளி. புள்ளி வண்டியானது. புலி தெரிந்தது. நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் புலி தலையத் தூக்குச்சு — உசுரு வந்த மாதிரி — முன்பக்கம் எழும்பி, அப்படியே பின்னால மடங்கி, கண்ணாடிய உடைச்சிட்டுப் பறந்து போச்சு. வண்டி திரும்பிருச்சு. பக்கவாட்டுலயே வருது. டயர் சத்தம். அக்கா அக்கான்னு கத்துனது நான்தான்னு அப்புறம் சொன்னாங்க. ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல குறுக்காவே புகுந்து, எங்களத் தாண்டி, ரோடு முடிஞ்சு, வயல்ல.

ஓடினேன். செருப்பு எங்கே போனதோ தெரியவில்லை. உள்ளே இரும்புக் கூண்டு வைத்திருந்தார், நல்லவேளை. ஹெல்மெட்டுக்குள் கண் திறந்திருந்தது.

"எவ்வளவு?" என்றார்.

"அக்கா அசையாதீங்க —"

"எவ்வளவுன்னு கேட்டேன்."

சிவராஜ் அண்ணன் பின்னாலேயே ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னார்: "நூத்தி அறுபத்தி மூணு. ஆனா குறுக்கால வந்தது."

"குறுக்கால வந்தா வேகம் இல்லையா?" என்றார் கரீமா அக்கா. பிறகுதான் வலி தெரிந்து கத்தினார்.

பிப்ரவரி 9

ஆஸ்பத்திரி. காறை எலும்பு முறிவு, இரண்டு விலா. தலைக்கு ஒன்றுமில்லை. "தலைல அடிபட்டிருந்தா யாருக்குத் தெரியப் போவுது" என்று மச்சினன் சொன்னதற்கு அடிபட்ட பக்கத்துக் கையாலேயே தலையணையை எறிந்தார்.

தனியாக இருந்தபோது சொன்னேன். சட்டம் நிற்காது என்று ஒரு ஆள் சொன்னது எனக்குத் தெரியும், தெரிந்துதான் உங்களைச் சம்மதிக்கவைத்தேன் என்று.

ஒரு கையால் தண்ணீர்க் குப்பியை எடுத்துக் குடித்தார்.

"நீ பேசி நான் ஏறுனேன்னு நெனைக்காத. அந்த நம்பருக்கு யானைய வச்சாலும் ஏறியிருப்பேன்." பிறகு: "ஆனா நான் கேட்டப்ப நீ சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா ரெண்டு கயிறாவது கட்டியிருப்பேன்ல."

திட்டினால் தேவலை என்று இருந்தது.

பிப்ரவரி 10

தூரா அலுவலகத்துக்கு வரச் சொன்னார். முதலாளியின் மேனேஜரும் இருந்தார். விஷயம் வெளியே பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்திரிகைச் சந்திப்பு. ஓட்டிய பெண் பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டார் என்று சொல்லப் போகிறார்களாம். அதற்கு அவர் வாயாலேயே ஒரு துண்டு வேண்டும்.

"அவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க," என்றேன்.

"சொல்லியிருக்காங்களே," என்றார் தூரா. "பாம்புப் பேச்சுல. 'பயந்துட்டேன், உண்மையைச் சொல்றேன்.' அந்த இடத்தை வெட்டி ஒட்டினா போதும். உன்னை மாதிரி யாரு செய்வா?"

பாராட்டுத்தான்.

எடிட்டிங் அறைக்குப் போனேன். பாம்புப் பேச்சைத் தேடி எடுத்தேன். நல்ல பேச்சு. இரண்டு முறை கேட்டேன். பிறகு அதை அழித்தேன், நகலையும் சேர்த்து. வெளியே வந்து தூராவிடம் சொன்னேன்.

"எதை அழிச்சே?"

"பாம்பை."

அவர் கத்தவில்லை. அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டு வருடம். அட்டையில் இருந்த போட்டோவில் நான் என்ன ஒல்லி!

வரும்போது ஒன்று எடுத்துக்கொண்டு வந்தேன். புலியைப் பொருத்த வந்த ஆள் சட்டத்தைத் தட்டிக் காட்டிய காட்சி. திருட்டுதான். என்ன இப்போ?

பிப்ரவரி 11

எடுத்து வந்துவிட்டேனே தவிர, யாரிடம் கொடுப்பது? பத்திரிகைக்காரர்களிடமா? முதலாளி அவர்களுக்கும் விளம்பரம் கொடுப்பவர். பேஸ்புக்கில் போடலாமா? அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தச் சாப்பிடாத பையன்ட்ட குடு," என்றாள்.

சிரித்தேன். பிறகு யோசித்தேன். பிரேக்கைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பிப்ரவரி 12

மின் கான் தாமுவே டீக்கடைக்கு வந்தார், டிரைவர் இல்லாமல், பஸ்ஸில். போனில் காட்சியைக் காட்டினேன். இரண்டாவது முறை அவரே போட்டுப் பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டியது.

"எனக்கு மட்டும் ஏன் ஸ்டிக்கர்னு மாமாகிட்ட கேட்டேன். 'நீ ஜெயிக்கணும்ல'ன்னாரு. நான் அத்தோட விட்டுட்டேன்."

நான் அத்தோடு விட்டதை நானும் சொன்னேன். பிறகு காட்சியை அவர் போனுக்கு அனுப்பினேன். நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் கேள்வியே கேட்காமல் எழுந்து வந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 13

அம்மாவும் நானும் போனில் நேரலை பார்த்தோம். மேனேஜர் எழுதி வைத்திருந்ததை வாசித்தார்: துரதிர்ஷ்டம், அனுபவமின்மை, பெண் ஓட்டுநரின் பதற்றம். பிறகு வெற்றியாளர் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்.

மின் கான் மைக்கை வாங்கினார்.

"டோ கரீமா பதறவில்லை. புலியின் சட்டம் தாங்காது என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். அதன் படம் என்னிடம் இருக்கிறது. என் காரில் புலியை ஒட்டினார்கள். மற்றவர்கள் காரில் நிறுத்தினார்கள். ஏன் என்று என் மாமா இதோ உட்கார்ந்திருக்கிறார், அவரிடமே கேளுங்கள்."

எல்லாக் கேமராவும் ஒரே பக்கம் திரும்பியது. அப்புறம் நேரலையை நிறுத்திவிட்டார்கள்.

"நான்தான் சொன்னேன்ல," என்றாள் அம்மா. "அந்தப் பையனுக்கு ஒரு நாள் சோறு போடணும்."

பிப்ரவரி 24

'அம்யான்சோன்' நிறுத்தம். அந்த நேரத்தில் இப்போது பழைய பாட்டுப் போட்டி மறு ஒளிபரப்பு. நான் அழவைத்தவர்கள் எல்லாம் மறுபடி அழுகிறார்கள்.

மார்ச் 3

கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிட்டது. பெட்டி பெட்டியாகப் பானமும் அனுப்பியிருக்கிறது. கரீமா அக்கா அதை ஊற்றித் துருப்பிடித்த போல்ட் கழற்றுகிறார். நன்றாகக் கழல்கிறதாம்.

மார்ச் 19

வேலை இல்லை. தேடினேன். இல்லை.

ஏப்ரல் 26

விடிந்ததும் எல்லோரும் ரோட்டில். கரீமா அக்கா, மச்சினன், சிவராஜ் அண்ணன், மின் கான், நான். சிவராஜ் அண்ணன் கருவியை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பெட்ரோல் நாலு பேர் வரிசையில் நின்று சேர்த்தது. ப்ரோபாக்ஸுக்குப் புதுக் கண்ணாடி, கதவு மட்டும் வேறு வண்டியுடையது, பச்சை நிறம்.

மாடுகளை ஓட்டும் வேலை எனக்கு. போக மறுத்தன. மின் கான் ஏதோ சொல்லிக் கழுத்தைத் தடவினார், எழுந்து போய்விட்டன.

அக்காவின் தோள் இன்னும் முழுதாகச் சரியில்லை. கியர் போடும்போது வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நாலு தடவைதானே போடணும்" என்று ஏறிக்கொண்டார்.

வெள்ளைப் புள்ளி. வண்டி. இந்த முறை நான் கத்தவில்லை, மூச்சே விடவில்லை. நேராக வந்தது. நேராகவே போனது. காற்று மட்டும் முகத்தில் அடித்தது. ரோடு முடிவதற்கு முன்னாலேயே நின்றது.

திரும்பி மெதுவாக ஓட்டி வந்தார், பெகோ போகிறவர் மாதிரி. சிவராஜ் அண்ணன் கருவியைத் திருப்பிக் காட்டினார்.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

இருநூறு வரவில்லையே என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஹெல்மெட்டைக் கழற்றினார். கண்ணைச் சுருக்கி இன்னொரு முறை பார்த்தார்.

"ரெண்டை அல்லா வச்சுக்கட்டும்," என்றார். "மிச்சம் என்னுது."

மச்சினன் விசிலடித்தான். பிறகு மின் கானை ஓட்டச் சொன்னார்கள். தொண்ணூற்று நான்கு. வாந்தி எடுக்கவில்லை. அதற்கும் கைதட்டினோம்.

போட்டோ யாரும் எடுக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூன் 14

மழை. ரோட்டில் தண்ணீர். இனி மழைக்காலம் முடியும்வரை ஓட்டம் இல்லை. பசுந்தாங் கடையில் வேலைக்கு உட்கார்ந்து மூன்றாவது வாரம். ஐந்தில் நான்கு பாகத்தின் பெயர் தெரியும், ஐந்தாவதைக் கைகாட்டி எடுப்பேன்.

மத்தியானம் தூரா வந்தார், குடை மடக்கியபடி. நான் இங்கே இருப்பது தெரியாமல்தான் வந்தார் போல. காருக்கு இடது பக்கம், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி வேண்டும், பஸ் உரசிவிட்டதாம். புது ஷோ ஒன்று வருகிறது என்றார். புதுக் கணவன் மனைவியரை ஒரு மாதம் ஒரே அறையில் அடைத்துவைப்பது. "உன்னை விட்டா ஆளில்லை, மா பாமா. யோசி."

கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு மழையில் போனார்.

கரீமா அக்கா அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இடது கேட்டாரு. வலது குடுத்திருக்க."

"ஆமா."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"நம்ம கடைல அப்படிச் செய்யக் கூடாது புள்ள. நாளைக்கு வந்தார்னா மாத்திக் குடு." பேரேட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "அதுவரைக்கும் மெதுவாப் போகட்டும்."